பறவையைச் சுடாமல் அறிந்த கதை

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையை விட்டு இறங்கி, கரிசல் காட்டுக்குள் ஒரு கல் தொலைவு நீங்கள் நடந்ததுண்டா? பொழுது சாய்ந்து, வேலிக்கருவை மரங்கள் நிழலுருவாக மாறும் வேளையில் நடந்து பாருங்கள். தரையிலிருந்து ஓர் ஒலி வரும். மேசைப்பந்தைக் கல்தரையில் போட்டால் முதலில் விட்டுவிட்டும், பிறகு விரைந்தும் துள்ளி அடங்கும் அல்லவா? அதே தாளந்தான். "சக்... சக்... சக்-ர்ர்ர்."

சில ஆண்டுகளுக்கு முன் விண்மீன் பார்ப்பதற்காக மாணவர்களை அழைத்துக்கொண்டு அப்படிப்பட்ட ஓர் இடத்திற்குப் போயிருந்தேன். இந்த ஒலியைக் கேட்டு ஒருவன் என்னவென்று வினவினான். இயற்பியல் ஆசிரியனுக்குத் தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. "ஏதோ பூச்சி" என்றேன். கிடை மறித்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார்.

"பூச்சி இல்ல சார், பக்கி. தடத்துலதான் உக்காந்திருக்கும். கிட்டப் போயி மிதிக்கப் போனாத்தான் பறக்கும்."

டார்ச்சு விளக்கை வண்டித்தடத்தில் அடித்தோம். இருபது அடி தள்ளித் தீக்கங்கு போல ஒரு கண் மின்னியது. நெருங்கும்வரை அசையாமல் இருந்து, பின் ஓசையே இல்லாமல் எழுந்து போயிற்று.

குரல், அது அமரும் இடம், அதன் பழக்கம் ஆகிய மூன்றையும் அந்தப் பெரியவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பறவையைக் கொல்லாமலே இன்னதென்று அறியப் போதுமான சான்றுகள் இவை. ஏட்டில் எழுதப்பட்ட பறவையியல் இச்சான்றுகளுக்கு உரிய மதிப்பளிக்க நெடுங்காலம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ஒரு பறவையை அடையாளம் காண்பது என்றால் அதைச் சுடுவது என்றே பொருள். சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து, இறகின் நீளத்தையும் அலகின் நீளத்தையும் அளந்து, சீட்டுக் கட்டி இழுப்பறையில் வைப்பார்கள். அமெரிக்கப் பறவைகளை உயிருள்ளவை போலத் தீட்டிப் புகழ்பெற்ற ஆடுபான் கூட அவற்றைச் சுட்டு, கம்பியால் நிறுத்தி வைத்துத்தான் வரைந்தார். தொலைநோக்கிகள் தரமாக இல்லாத காலம் அது. ஆகவே அவர்களை மட்டும் குறை சொல்வது முறையாகாது.

நம் பக்கத்தில் இப்பணியைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஜெர்டான். சென்னை அரசாங்கத்தின் படை மருத்துவராக 1836-இல் வந்தவர். இவர் எழுதிய "இந்தியப் பறவைகள்" 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. அந்நூலில் ஒரு சிறப்பு உண்டு. பல பறவைகளுக்கு இலத்தீன் பெயரோடு ஊர்மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயரையும் தெலுங்குப் பெயரையும் அவர் குறித்து வைத்தார். அவருக்குப் பின் வந்தவர் ஹியூம். காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதே ஹியூம்தான். காங்கிரஸ் தோன்றிய 1885-ஆம் ஆண்டிலேயே, தாம் சேர்த்த தோல்களும் முட்டைகளுமாகச் சுமார் 82,000 பொருள்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். எண்பத்தீராயிரம்! இத்தனை இருந்தும் அந்த இழுப்பறைகளில் ஒன்றுமட்டும் இல்லை. அதுதான் குரல்.

இப்போது நம் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். இரட்டைவால் குருவி என்கிறோம். இது தோற்றத்தைக் கொண்டு வந்தது. தவிட்டுக்குருவி என்பது நிறத்தால் வந்தது. வாலாட்டி, மரங்கொத்தி, மீன்கொத்தி ஆகியவை செயலால் வந்தவை. காக்கையும் அக்காக்குருவியும் குரலைக் கொண்டே பெயர் பெற்றவை. ஆள்காட்டியின் பெயரிலோ ஒரு சிறு கதையே இருக்கிறது. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக் கொடுப்பதால் அதற்கு அப்பெயர். எனக்கு மிகவும் பிடித்தது ஆறுமணிக்குருவி. வடக்கே இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்தில் தமிழ்நாட்டிற்கு வரும் இப்பறவை, விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு ஈரசைச் சீழ்க்கை ஒன்றை ஒலிக்கும். ஒன்பது நிறம் பூண்ட பறவை என்று வடநாட்டில் நிறத்தை வைத்துப் பெயரிட்டார்கள். புதருக்குள் ஒளிந்திருக்கும் இப்பறவையைப் பார்ப்பது அரிது, கேட்பது எளிது. நம்மவர் அதன் கடிகாரத்தைப் பெயராக வைத்தார்கள்.

நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். ஒரே பறவைக்கு ஓர் ஊரில் கரிச்சான், மற்றோர் ஊரில் வலியன், வேறோர் ஊரில் இரட்டைவாலன் என்று பெயர். சிறிய பச்சைப் பறவைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டிச் "சிட்டு" என்று விட்டுவிடுவதும் உண்டு. அங்கேதான் ஆராய்ச்சியாளரின் உழைப்பு தேவைப்படுகிறது. இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், பார்வைக்கு ஒன்றுபோல இருந்த மூன்று சிறு பறவைகளை அவற்றின் பாட்டு வேறுபாட்டைக் கொண்டு பிரித்துக் காட்டினார். அவருடைய நூல் 1789-இல் வந்தது. நம் மலைச்சோலைகளுக்குக் குளிர்காலத்தில் வரும் இலைக் கதிர்க்குருவிகளிலும் இதே சிக்கல் உண்டு. ஒன்றின் கூப்பீடு ஈரசை, மற்றொன்றினுடையது மூவசை. கண்ணை நம்பினால் ஏமாறுவோம். விரல்விட்டு அசையை எண்ணினால் விடை கிடைத்துவிடும்!

ஆனால் ஒயிட்டின் வழி நெடுநாள் ஒற்றையடிப் பாதையாகவே கிடந்தது. அமெரிக்காவில் பீட்டர்சன் என்ற இளம் ஓவியர் 1934-இல் வெளியிட்ட கையேடுதான் அதை ராஜபாட்டையாக்கிற்று. பறவையின் படத்தில், அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் இடத்தை மட்டும் ஒரு சிறு கோட்டால் சுட்டினார். முதலில் அச்சிட்ட 2,000 படிகளும் விரைவில் தீர்ந்துவிட்டன. துப்பாக்கி இல்லாதவர்களும் பறவையறிஞர் ஆகலாம் என்பது அன்று பலருக்குப் புதுச் செய்தி. அந்த நாட்டிலும் குரலே பெயரான பறவைகள் உண்டு. "விப்-புவர்-வில்" என்று இரவெல்லாம் கத்தும் ஒன்றுக்கு அதுவே பெயர். அது எது தெரியுமா? நம் பக்கியின் உறவுதான்.

இந்தியாவில் அந்த வேலையைச் செய்தவர் சாலிம் அலி. அவர் கதையும் ஒரு வேட்டையில்தான் தொடங்குகிறது. சிறுவனாகக் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன பறவை என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். பின்னர் 1930-இல் பம்பாய்க்கு அருகே கிகிம் என்ற கடலோர ஊரில் தூக்கணாங்குருவிகளைக் கொல்லாமல், நாள்தோறும் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டும். பெண் வந்து பார்வையிட்டு ஏற்றுக்கொண்டால்தான் மீதியைக் கட்டி முடிக்கும். உடனே அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்நோக்கும். ஆயிரம் தோல்களை அளந்தாலும் இச்செய்தி கிடைத்திருக்குமா? 1941-இல் வந்த அவருடைய "இந்தியப் பறவைகள்" நூலில் அளவைக் குறிக்கும் முறை வேடிக்கையானது: சிட்டுக்குருவி அளவு, மைனா அளவு, காக்கை அளவு என்றிருக்கும். அங்குலக்கோலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போக முடியாதல்லவா?

குரலைப் பிடித்து வைப்பது இயற்பியலின் பங்கு. 1889-இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுச் சிறுவன் எடிசனின் மெழுகு உருளையில் ஒரு கூண்டுப் பறவையின் பாட்டைப் பதிவு செய்தான். அறியப்பட்டவற்றுள் முதல் பறவைக்குரல் பதிவு அதுவே. பறவை எது என்கிறீர்களா? மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பாடும் ஷாமாதான்! 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார், ஒலியைத் தாளில் படமாக வரையும் கருவியை அமைத்தனர். குறுக்கே காலம், நெடுக்கே அதிர்வெண். பறவையின் பாட்டு அதில் கையெழுத்துப் போல விழுகிறது. 2021 முதல் கைப்பேசியில் ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் செயலி, இத்தகைய படத்தைத்தான் படிக்கிறது.

குரல் எவ்வளவு தேவை என்பதற்கு ஜெர்டானின் பெயர் தாங்கிய பறவையே சான்று. ஆந்திரத்துப் புதர்க்காடுகளில் ஓடித் திரியும் ஜெர்டான் கல்குருவி 1848-இல் விவரிக்கப்பட்டது. 1900-க்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை. அற்றுப்போயிற்று என்றே கருதினர். 1986-இல் பம்பாய்க் கழகத்தார் கடப்பைப் பகுதியில் அதை மீண்டும் கண்டனர். காட்டிக் கொடுத்தவர் உள்ளூர் வேடர் ஒருவர். அவ்வூர் மக்களிடம் அதற்கு "கலிவிகோடி" என்ற பெயரே இருந்தது! இரவில் நடமாடும் அப்பறவையை எப்படி எண்ணுவது? நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ப. ஜெகநாதனும் உடனிருந்தோரும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மணலில் பதியும் காலடியைத் தேடினர். அதன் குரலை ஒலிக்கச் செய்து மறுகுரல் வருகிறதா என்று காத்திருந்தனர்.

பக்கிக்கு வருவோம். நம் நாட்டுப் பக்கிகளில் பல இனங்கள் உண்டு. எல்லாம் காய்ந்த சருகின் நிறம். இரவில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கண்ணால் பிரிப்பது கடினம். குரலோ ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே இரவு அமைதியாக இருந்தால்தான் எந்தப் பக்கி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இங்கே எனக்குச் சங்கடமான ஒரு கணக்கு வருகிறது. என் மாணவர் பலரின் வீட்டில் பட்டாசுத் தொழிலால்தான் உலை கொதிக்கிறது. இங்குள்ள பிள்ளைகளுக்கு "குருவி" என்றதும் முதலில் நினைவுக்கு வருவது குருவி வெடியாகவும் இருக்கலாம். 1999-இல் வந்த விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் ஒலி 125 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. தொலைவு இரு மடங்காகுந்தோறும் 6 டெசிபெல் குறையும். 4, 8, 16 என்று ஏழு முறை இரட்டித்தால் 512 மீட்டர், குறைவது 42. காற்று உறிஞ்சுவதைச் சேர்க்காவிட்டால், அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் 83 டெசிபெல் மிஞ்சும். வகுப்பில் நான் குரலை உயர்த்திப் பேசினால் ஒரு மீட்டரில் சுமார் 70-தான்.

இந்தக் கணக்கைப் போடாமலே விடை கண்டவர்கள் இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே உள்ள வேட்டங்குடிக் கண்மாய் 1977 முதல் பறவைகள் சரணாலயம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நத்தைகொத்தி நாரைகளும் கொக்குகளும் அங்கே வந்து கூடு கட்டும். தீபாவளி வருவதும் அந்தப் பருவத்தில்தான். ஒட்டியுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்குவதும் வழக்கமாகியிருக்கிறது. சிவகாசிச் சரக்கு ஊரெங்கும் வெடிக்கும் அந்த இரவில், கண்மாய்க் கரையில் நின்றால் கேட்பது நாரைகள் அலகோடு அலகு தட்டும் ஓசை.