லண்டன் லிவரி கம்பெனி விருந்து

லண்டன் மாநகரின் பழைய தொழிற்குழுக்கள் தம் மண்டபங்களில் நடத்தும் சம்பிரதாய இரவு விருந்து. லிவரி கம்பெனிகள் எனப்படும் இக்குழுக்கள் இன்று 110-க்கும் மேல் உள்ளன. துணி வணிகர், மீன் வணிகர், பொற்கொல்லர், தோல் வணிகர், தையற்காரர் என ஒவ்வொரு தொழிலாரும் இடைக்காலத்தில் தமக்கெனக் குழு அமைத்து, சரக்கின் தரத்தையும் தொழிற்பயிற்சியையும் கண்காணித்தனர். இப்போது பெரும்பாலானவை அறப்பணியிலும் கல்விப்பணியிலும் ஈடுபட்டுள்ளன. பொற்கொல்லர் கம்பெனி இன்றும் தங்கம், வெள்ளிப் பொருள்களைச் சோதித்து முத்திரையிடுகிறது.

விருந்தினர் அணிய வேண்டிய உடையை அழைப்பிதழே சொல்லிவிடும். வாசலில் பீடில் என்னும் கட்டியக்காரர் வருபவரின் பெயரை உரக்க அறிவிப்பார். குழுத் தலைவரான மாஸ்டரும் அவருக்கு அடுத்த நிலையினரான வார்டன்களும் கைகுலுக்கி வரவேற்பர். உணவுக்குப் பின் நன்றிப் பாடல் பாடப்படும். பல மண்டபங்களில் பன்னீர் நிறைந்த வெள்ளிக் கிண்ணம் மேசையைச் சுற்றி வரும். விரல் நனைத்துக் கொள்ளலாம். 2007-இல் உள்ளரங்கில் புகைபிடிக்கத் தடை வரும்வரை, ஆட்சியிலிருக்கும் அரசர் அல்லது அரசியின் நலம் வாழ்த்தி அருந்துவதற்கு முன் யாரும் புகைபிடிப்பதில்லை என்பது வழக்கமாக இருந்தது.

புதியவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது ‘அன்புக் கோப்பை’ச் சடங்கு. கோப்பைக்கு இரு கைப்பிடிகளும் ஒரு மூடியும் உண்டு. அருந்துபவர் எழுந்து அடுத்தவரை வணங்க, அவர் வலக்கையால் மூடியைத் தூக்கிப் பிடிப்பார். முன்பு அருந்தியவர் இப்போது அருந்துபவருக்கு முதுகு காட்டிக் காவல் நிற்பார். பருகியதும் விளிம்பைத் துடைத்துக் கோப்பையைக் கைமாற்ற வேண்டும். 978-இல் இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் மது அருந்துகையில் குத்திக் கொல்லப்பட்டதால் வந்த வழக்கம் என்பது மரபுக் கதை. கத்தி பிடிக்கும் கை மூடியைப் பிடித்திருக்கும்வரை அருந்துபவருக்கு அச்சமில்லை.

கம்பெனிகளுக்குள் வரிசை முறை உண்டு. 1515-இல் அன்றிருந்த 48 கம்பெனிகளுக்கும் இடம் வகுக்கப்பட்டது; துணி வணிகரான மெர்சர்களுக்கு முதலிடம். முதல் பன்னிரண்டும் ‘பெரும் பன்னிருவர்’ எனப்படும். வரிசை வகுக்கப்படுவதற்கு முன்பே தோல் வணிகரும் தையற்காரரும் யார் முந்தியவர் என்று மோதிக்கொண்டிருந்தனர். 1484-இல் மேயர் ராபர்ட் பில்ஸ்டன் தீர்ப்பளித்தார்: ஆறாம் இடமும் ஏழாம் இடமும் ஆண்டுக்கொரு முறை இருவருக்குள்ளும் மாறும், ஆண்டுதோறும் ஒருவர் மற்றவரின் தலைவர்களை அழைத்து விருந்திட வேண்டும். இடத்தைப் பங்கிட்டதோடு நில்லாமல் பகைவரைப் பந்தியில் உட்கார வைத்ததே அத்தீர்ப்பின் சிறப்பு. இவ்விரு கம்பெனிகளும் அதை இன்றும் கடைப்பிடிக்கின்றன.