தொட்டி கழுவித் தொடங்கியவர்கள்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் குளிர்காலம் பெரும்பாலும் தொட்டி கழுவுவதிலேயே போய்விடும். வெளியே நிலம் உறைந்து இறுகிக் கிடக்கும். உள்ளே அடுக்கடுக்காக மண்தொட்டிகள் காத்திருக்கும். அவற்றை நீரில் ஊறப்போட்டு உள்ளும் புறமும் தேய்த்தெடுக்க வேண்டும். பழைய மண் உள்பக்கம் ஒட்டியிருந்தால், அடுத்த முறை செடியை மாற்றி நடும்போது மண்கட்டி முழுதாகக் கழன்று வராது, வேர் பிய்ந்துவிடும். உடைந்த தொட்டிக்கும் வேலை உண்டு. அதை ஓட்டாஞ்சில்லாக்கி, பெரிது சிறிது பார்த்துப் பிரித்து வைப்பான். அடித்துளையின்மேல் ஒரு சில்லைக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் வடியும், மண் தங்கும்.

அடுத்த பாடம் காதுக்கு. தொட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் உள்ளே மண் காய்ந்திருக்கிறது, தண்ணீர் ஊற்று. மந்தமாக ஒலித்தால் ஈரம் இருக்கிறது, விட்டுவிடு. கை எட்டாத தொட்டிகளைத் தட்ட, நீளக் குச்சியின் முனையில் சிறு மரக்கட்டை செருகி வைத்திருந்தார்கள். ஆர்க்கிட், அசேலியா, கமேலியா என்று கப்பலில் வந்திறங்கிய விலையுயர்ந்த செடிகள் பிழைப்பதும் அழுகுவதும் இந்தத் தட்டலை நம்பித்தான் இருந்தன. புதிதாக வந்த பையனுக்குத் தண்ணீர்க் குவளையை எளிதில் கொடுக்காததற்கு இதுவே காரணம்.

அலங்காரத் தோட்டக்கலை ஒரு தொழிலாக உருவான காலம் அது. வெளிநாட்டுச் செடிகள் குவிந்தன, கண்ணாடி வீடுகள் எழுந்தன, பெரிய மனிதர்கள் பூக்களை வைத்துப் போட்டி போட்டார்கள். வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஏறிப்போகப் படிகளும் வகுக்கப்பட்டன: பயிற்சிப் பையன், இளநிலைத் தோட்டக்காரன், மேற்பார்வையாளர், கடைசியில் தலைமைத் தோட்டக்காரர். ஒரே இடத்தில் இருந்துகொண்டு யாரும் இந்தப் படிகளை ஏறிவிட முடியாது. ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தோட்டம் மாறி, ஒரு இடத்தில் திராட்சை, இன்னொரு இடத்தில் வெப்பமண்டலச் செடி என்று கற்றுக்கொண்டே போக வேண்டும்.

இந்த இளைஞர்கள் தங்கிய சிறு வீட்டுக்கு ஆங்கிலத்தில் 'பாத்தி' (bothy) என்று பெயர். காய்கறித் தோட்டத்தைச் சுற்றி எழுப்பிய உயர்ந்த மதிலின் வடக்குப் புறத்தில், வெயிலே படாத இடத்தில், அதைக் கட்டுவது வழக்கம். வெயில் விழும் தெற்குமுகம் பழமரங்களுக்கும் கண்ணாடி வீடுகளுக்கும் போய்விடும். இரவில் முறைபோட்டு எழுந்து, கண்ணாடி வீடுகளைச் சூடாக்கும் கொதிகலனுக்குக் கரி போடுவார்கள். உறைபனி விழும் இரவில் ஒருவன் தூங்கிப்போனால் பல ஆண்டு வளர்ப்பு விடிவதற்குள் கருகிவிடும். அந்தச் சிறு வீட்டில் தங்குபவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. மணம் முடிக்க ஆசைப்பட்டால், குடும்பத்தோடு தங்க வீடு தரும் பதவி கிடைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

கூலி மிகக் குறைவு. தோட்டக்கலை எழுத்தாளர் ஜான் கிளாடியஸ் லௌடன் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். வடிவியலும் நில அளவையும் தாவரவியலும் படித்து, இரவெல்லாம் புத்தகத்தோடு கழிக்கும் இளம் தோட்டக்காரருக்குக் கிடைப்பது, எழுத்தறியாத கொத்தனார் வாங்குவதில் பாதிதான் என்று அவர் சுட்டிக்காட்டினார். 1826இல் அவர் தொடங்கிய 'கார்டனர்ஸ் மேகசின்' இதழில் தோட்டக்காரர்களின் கல்விக்காகவும் ஊதியத்துக்காகவும் தொடர்ந்து வாதாடினார். இளம் தோட்டக்காரர்கள் தாங்களே கற்றுக்கொள்வதற்கென்று அவர் எழுதிய கையேடு, அவர் இறந்தபின் 1845இல் வெளிவந்தது.

வசதியோ பின்புலமோ இல்லாத ஒருவன் இந்தத் தொழிலுக்குள் வர ஒரு நேர்வழியைத் திறந்தது லண்டன் தோட்டக்கலைச் சங்கம். 1804இல் தோன்றிய இந்தச் சங்கம், 1820களின் தொடக்கத்தில் லண்டனுக்கு மேற்கே சிசிக் என்ற இடத்தில் டெவன்ஷயர் டியூக்கின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போட்டது. அங்கே கூலிக்குச் சேரும் இளைஞர்களையே பயிற்சி மாணவர்களாகவும் நடத்தியது. சங்க உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை வேண்டும், மணமாகியிருக்கக் கூடாது, எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்தவுடன் ஒரு பதிவேட்டைக் கொடுத்து, தான் எங்கே பிறந்தான், தகப்பன் யார், இதுவரை எங்கெங்கே வேலை பார்த்தான் என்று அவன் கையாலேயே எழுதச் சொன்னார்கள். 1822 முதல் 1829 வரை 105 பேர் எழுதியிருக்கிறார்கள். சங்கத்தின் லிண்ட்லி நூலகத்தில் அந்தப் பதிவேடு இன்றும் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிவைத்த ஏடு அந்தக் காலத்தில் அபூர்வம்.

அந்த 105 பேரில் ஒருவர் ஜோசப் பேக்ஸ்டன். பெட்ஃபோர்ட்ஷயர் விவசாயக் குடும்பத்தின் ஏழாவது மகன். 1801இல் பிறந்ததாக எழுதியிருக்கிறார்; உண்மையில் பிறந்தது 1803. வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக இரண்டு வயதைக் கூட்டிக்கொண்ட கிராமத்துப் பையன்.

சிசிக்கில் அவர் வாரம் 18 ஷில்லிங் வாங்கிக்கொண்டிருந்தார். டியூக்கின் மாளிகை பக்கத்திலேயே இருந்தது. டியூக் சங்கத் தோட்டத்துக்கு அடிக்கடி வருவார். காது சற்று மந்தமான அந்த டியூக்குக்கு, நிதானமாகத் தெளிவாகப் பேசும் இந்த இளைஞரைப் பிடித்துவிட்டது. டெர்பிஷயரில் உள்ள தன் சேட்ஸ்வொர்த் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரராக வரும்படி அழைத்தார். பேக்ஸ்டனுக்கு அப்போது 22 வயது.

1826 மே 9ஆம் தேதி விடியற்காலை நாலரை மணிக்கு அவர் சேட்ஸ்வொர்த் வந்து சேர்ந்தார். வாசலில் யாரும் இல்லை. ஏறிக் குதித்து உள்ளே போய் இடம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு ஆட்கள் வந்ததும் அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். நீரூற்றுகளைத் திறந்துவிடச் சொல்லிப் பார்த்தார். பிறகு காலை உணவுக்குப் போன இடத்தில் மாளிகை நிர்வாகியின் உறவுக்காரப் பெண் சாராவைக் கண்டார். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது. இவ்வளவும் ஒன்பது மணிக்குள் முடிந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறுவருடம் கல்யாணம்.

அதன்பின் நடந்தவை கட்டடக்கலை வரலாற்றிலேயே இடம்பிடித்தன. தென்னமெரிக்கப் பேரல்லியின் நாற்று ஒன்றை லண்டன் அருகிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வாங்கி வந்து, வெந்நீர்க் குழாய் ஓடும் குளத்தில் வளர்த்து, 1849 நவம்பரில் பிரிட்டனில் முதன்முறையாகப் பூக்க வைத்தார். தன் சிறிய மகளை அதன் இலைமேல் நிற்க வைத்துக் காட்டினார். இலையின் அடிப்புறத்தில் விசிறியாகப் பரவும் நரம்புகளும் அவற்றைக் குறுக்கே பிணைக்கும் சட்டங்களும் அந்தக் கனத்தைத் தாங்கின. கண்ணாடியையும் இரும்பையும் வைத்து அவர் பல ஆண்டு செய்துவந்த சோதனைகளோடு இந்த இலையும் சேர்ந்து, 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் எழுந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையாக வடிவெடுத்தது. வயதைக் கூட்டி எழுதிய பையன் அந்த ஆண்டே சர் பட்டம் பெற்றார்.

பேக்ஸ்டனைப் போல உயரம் தொட்டவர்கள் மிகச் சிலர். மற்ற ஆயிரக்கணக்கானோருக்கு இரவுப் படிப்பே ஏணி. கியூவின் இளம் தோட்டக்காரர்கள் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு மாலையில் வகுப்புக்குப் போனார்கள். 1871இல் தங்களுக்குள் ஒரு முன்னேற்றச் சங்கம் தொடங்கி, ஆளுக்கொரு கட்டுரை வாசித்து விவாதித்தார்கள். ஈரத் தரையில் நடக்க அவர்கள் போட்ட மரச்செருப்பையும் மேலங்கியையும் மாட்டிக்கொண்டு ஓடும் பந்தயத்தை கியூ மாணவர்கள் இப்போதும் நடத்துகிறார்கள்.

இந்த வாசல் பெண்களுக்கு வெகுகாலம் மூடியே இருந்தது. 1889இல் கென்ட் பகுதியில் தொடங்கிய ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரி 1891 முதல் பெண்களைச் சேர்த்தது. அங்கே படித்த ஆலிவ் ஹாரிசன் 1898இல், அரச தோட்டக்கலைச் சங்கம் என்று பெயர் மாறியிருந்த அதே லண்டன் சங்கத்தின் தேர்வில் முதலிடம் பெற்றார். முதலிடத்துக்கு உரிய பரிசு சிசிக் தோட்டத்தில் பயிற்சி இடம். பெண் என்பதால் அதை அவருக்குத் தர மறுத்தார்கள். விடைத்தாளில் எல்லா ஆண்களையும் முந்தியவருக்கு மண்ணைத் தொட அனுமதி இல்லை. இதைவிடத் தெளிவான அநியாயம் இருக்க முடியாது.

கியூ அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1896இல், ஸ்வான்லியில் படித்த அன்னி கல்வின், ஆலிஸ் ஹட்சின்ஸ் இருவரையும் சேர்த்திருந்தது. ஆண்கள் போடுவது போன்ற உடைதான் அவர்களுக்கும்: முழங்காலோடு நிற்கும் பழுப்புக் காற்சட்டை, கனத்த கம்பளிக் காலுறை, மேற்சட்டை, தொப்பி. பத்திரிகைகள் எழுதித் தள்ளின. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. பெண்கள் தொட்டி தட்டும் வேலையிலிருந்து ஒதுங்கவில்லை. அன்னி கல்வின் கியூவிலிருந்து வேல்ஸில் ஒரு மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரராகப் போனார். ஆனாலும் கியூவில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வேலைக்கு வந்தது, முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போன பிறகுதான்.

கியூவில் கை பழகியவர்கள் கப்பலேறி நம் ஊர்களுக்கும் வந்தார்கள். 1848இல் ஊட்டிக்கு வந்த வில்லியம் கிரகாம் மக்ஐவர் அவர்களில் ஒருவர். மேலே காடு, கீழே சதுப்பு என்று கிடந்த தொட்டபெட்டாச் சரிவைப் படிப்படியாக வெட்டி, இன்று நாம் பார்க்கும் தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். பெங்களூர் லால்பாக்குக்கு கியூவிலிருந்து ஜான் கேமரன் வந்தார். அவருக்குப் பின் 1908இல் வந்தவர், ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே பிறந்து கியூவில் வேலை பார்த்த குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பீகல். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்த மரம் பூக்கத் தொடங்கும்படி பெங்களூர்ச் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்து வைத்தவர் அவர்.

இவர்களுக்கு முன்பே இந்த மண்ணில் தோட்டத் தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1760இல் ஹைதர் அலி லால்பாக்கைத் தொடங்கியபோது கியூவிலிருந்து யாரும் வரவில்லை. பெங்களூரில் தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகம் தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் போட்டுப் பிழைத்தது. கரகத் திருவிழாவைப் போலவே தோட்டமும் அவர்கள் அடையாளம். பதியம் போடவும், ஒட்டுக் கட்டவும், மழை வருமுன் பாத்தி திருத்தவும் அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஊட்டியில் மண் சுமந்தவர்களுக்கும் இதே கதைதான். அங்கே மக்ஐவருக்குக் கண்காணிப்பாளர் பதவி, உள்ளூர்க்காரருக்கு நாள்கூலி. சிசிக் கூலிக்காரன் ஏறிய படிகளை இங்கே யாரும் கட்டவில்லை. லால்பாக்கின் பொறுப்பு எச்.சி. ஜவராயா என்ற இந்தியரின் கைக்கு வர 1932 ஆயிற்று.

இன்று கோவையிலும் பெரியகுளத்திலும் தோட்டக்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சியில் பெண்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. ஆலிவ் ஹாரிசனுக்கு மறுக்கப்பட்டது நம் பெண்களுக்குக் கிடைக்கிறது, இது பெரிய மாற்றம். ஆனால் இந்தக் கல்லூரிகளுக்குள் போகும் வழி பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வழி. ஓசூர் நர்சரியில் ரோஜா ஒட்டுக் கட்டுபவரும், ஊட்டி மலர்க் கண்காட்சிக்காக மாதக்கணக்கில் தொட்டிச் செடிகளைத் தேற்றுபவரும் வேறு வழியில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். கியூ 1963இல் தொடங்கிய மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் வகுப்பறையும் தோட்ட வேலையும் சேர்ந்தே நடந்தன, வேலைக்குச் சம்பளமும் இருந்தது. ஐந்தாறு ஆண்டு நர்சரியில் உழைத்த ஒரு இளைஞரோ பெண்ணோ கூலியை இழக்காமல் அப்படிப் படித்து, அதே தோட்டத்தின் கண்காணிப்பாளராக உயர நம் ஊரிலும் ஒரு வழி அமைய வேண்டும். அதற்கு வேண்டிய தோட்டங்களும் ஆசிரியர்களும் கைகளும் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன.