டொக்கா, டொக்கானோ

காளிகாட் மீன் கடையில் தினம் கேட்பது: "டொக்பேன் நா, தாதா!" ஏமாற மாட்டீர்கள் என்று உத்தரவாதம். வங்காளத்தில் டொக்கா என்றால் ஏமாறுவது, டொக்கானோ என்றால் ஏமாற்றுவது. நம்ம ஏமாறு, ஏமாற்று ஜோடி மாதிரியே.

மூலம், மூடி மறைப்பதைக் குறிக்கும் சமஸ்கிருத 'ஸ்தக்'. ஹிந்தி 'டக்' ஏமாற்றுக்காரன். வழிப்போக்கர்களிடம் நட்பாகப் பேசி, கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்தவர்களுக்கும் அதே பெயர். ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி அவர்களுடைய ரகசியச் சொற்களைத் தொகுத்து, 1836இல் இதே கல்கத்தாவில் புத்தகமாக வெளியிட்டார். ஆங்கிலத்துக்குப் போன சொல் 'தக்' ஆனது. காலப்போக்கில் ஏமாற்று கழன்று, முரடன் மட்டும் மிஞ்சினான்.

முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்கிறோமே, அதுதான் பழைய பொருள். இருபது வருட வங்கி வேலையில் என்னை ஏமாற்றிய யாரும் முரடர் இல்லைங்க. சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை இன்னொன்றால் மூடியவர்கள்தான்.