ஊசியில் நிற்கும் ஈ

ஐரோப்பாவின் ஓடைகளுக்கு மேலே கோடைத் தொடக்கத்தில் கூட்டங்கூட்டமாகச் சுழலும் நடன ஈக்களுக்குப் பெயரிட்டு விவரிக்கும் வேலைக்கு இரண்டரை நூற்றாண்டு வயதாகிறது. ஆட்டத்துக்குப் பேர்போன இந்தப் பூச்சியின் ஆட்டம் அதன் இன விவரிப்புகளில் அநேகமாக இடம்பெறுவதே இல்லை. அவற்றில் இருப்பது காய்ந்து, ஊசியில் குத்தப்பட்டு, பெட்டிக்குள் நிற்கும் ஈ. இதை அருங்காட்சியகத்துக்காரர்களின் வறட்டுத்தனம் என்று சொல்வதுண்டு. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள கறுத்த ஈக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய வேறு வழி இருக்கவில்லை என்பதே இத்தொழிலின் வரலாறு காட்டும் உண்மை. விவரிப்பின் முறைகளை முடிவுசெய்தவர்கள் அறிஞர்கள் மட்டும் அல்லர். செத்த ஈயின் உடலில் எது கெடாமல் மிஞ்சுகிறதோ அதுவும் சேர்ந்தே முடிவுசெய்தது.

லின்னேயஸ் 1758இல் எம்பிஸ் என்ற பேரினத்தை நிறுவியபோது, ஓர் இனத்துக்கு ஓரிரு வரி லத்தீன் போதுமென்று இருந்தது. அறியப்பட்ட ஈக்கள் சில. நிறமும் காலின் தோற்றமும் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். சேகரிப்பு பெருகியதும் அந்த வரிகள் பத்து ஈக்களுக்குப் பொருந்தத் தொடங்கின. அடுத்து வந்த ஃபப்ரீசியுஸ் வாயுறுப்புகளை அடிப்படையாக்கினார். கொள்கையளவில் சரிதான்; ஆனால் கடுகளவு ஈயின் காய்ந்த வாயை நொறுங்காமல் பிரித்துப் பார்ப்பது யாரால் முடியும்? ஜெர்மனியின் ஸோலிங்கனில் 1764இல் பிறந்து, ஆகன் நகருக்கு அருகே ஸ்டோல்பெர்க்கில் பிரெஞ்சு மொழி ஆசிரியராகக் காலம் தள்ளிய யோஹான் வில்ஹெல்ம் மைகன் வேறு பக்கம் திரும்பினார். சிறகின் நரம்புகள், உணர்கொம்பின் அமைப்பு ஆகியவற்றை முன்னுக்குக் கொண்டுவந்தார். சதை சுருங்கினாலும் நிறம் மங்கினாலும் சிறகு நரம்பு அப்படியே இருக்கும். பூதக்கண்ணாடி ஒன்றும் பொறுமையும் இருந்தால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். 1818 முதல் 1838 வரை ஏழு பகுதிகளாக வந்த ஐரோப்பிய ஈக்கள் பற்றிய அவரது பெருநூலில், 1822இல், ஹிலாரா என்ற பேரினம் பிறந்தது. அதன் ஆண் ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்காலின் பாதத்தில் முதல் கணு உப்பியிருக்கும். பட்டு நூற்கும் சுரப்பிகள் அதற்குள்தான் உள்ளன.

பேரினத்தைப் பிரிக்க உதவிய சிறகு, இனத்தைப் பிரிக்கக் கைகொடுக்கவில்லை. ஹிலாரா இனங்களின் நரம்புகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஓடுகின்றன. ஆகவே அடுத்த தலைமுறைகள் மார்பைக் கூர்ந்து பார்த்தன. நெஞ்சின் முதுகுப்புறத்தில் நடுவே ஓடும் நுண்முட்கள் இரண்டு வரிசையா, நான்கா? அதன் மேல் படிந்த சாம்பல் பூச்சு முன்னிருந்து பார்த்தால் தெரியும் கோடு, பின்னிருந்து பார்த்தால் மறைகிறதா? ஊசியை விரலிடுக்கில் மெல்லத் திருப்பித் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய அடையாளங்கள் இவை. கடைசியில் ஆணின் வாலுறுப்பு, அதாவது இனப்பெருக்க உறுப்பு, வந்தது. வயிற்றின் நுனியை நறுக்கிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடேற்றினால் தசை கரைந்துபோகும்; கைட்டின் ஓடு மட்டும் கண்ணாடிபோலத் தெளிவாக நிற்கும். அதை ஒரு சொட்டு கிளிசரினில் போட்டுச் சிறு குப்பியிலடைத்து, அதே ஈயின் ஊசியிலேயே குத்திவைப்பார்கள். நியூமார்க்கெட் குதிரைப் பந்தய அலுவலரான வெரால் தொடங்கிய பிரிட்டிஷ் ஈக்கள் வரிசையில், அவருடைய மருமகன் காலின் எழுதிய நடன ஈக்களின் தொகுதி 1961இல் வெளிவந்தது. அதில் நுண்முட்களோடு இந்த வாலுறுப்புப் படங்களும் சான்றுகளாகின. மிலன் ஹ்வாலா ஸ்காண்டிநேவிய ஹிலாராக்களுக்கு 2005இல் எழுதிய தொகுதியும் இந்தப் பாதையில் வந்ததே. ஆசிரியர், பந்தய அலுவலர், பாதிரியார், பொறியாளர் என்று பிழைப்புக்கு வேறு தொழில் பார்த்தவர்கள் நிறைந்த துறை இது. வேலை முடிந்து இரவில் உட்காரும்போது காத்திருப்பது ஊசியில் இருக்கும் ஈதானே!

காய்ந்த உடலே வழி என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஹிலாரா ஆண், பெண்ணுக்குப் பரிசாக இரையைப் பிடித்துப் பட்டில் சுற்றிக் கொண்டுபோகும். ஹிலாரா சார்ட்டர் என்ற ஆல்ப்ஸ் மலை இனமோ இரையே இல்லாமல் வெறும் பட்டுத்திரையை ஏந்திப் பறக்கும். கூட்டத்தில் வெள்ளைத் துணுக்குகள் மின்னுவதை ஸ்விட்சர்லாந்தில் கவனித்த முன்னாள் ரஷ்யத் தூதரக அதிகாரி ஓஸ்டன் சாக்கன் 1877இல் எழுதினார். தியோடோர் பெக்கர் 1888இல் அந்த இனத்துக்குப் பெயரிட்டார். உயிருள்ள ஈயின் நடத்தைதானே இந்த இனத்தைக் காட்டிக்கொடுத்தது என்று கேட்கலாம். காட்டிக்கொடுத்தது உண்மை. ஆனால் காட்டிக்கொடுப்பது வேறு, பிரித்தறிவது வேறு. பட்டுச் சுற்றும் பழக்கம் பல இனங்களுக்குப் பொது. அன்று காற்று பலமாக வீசினால் ஆட்டமில்லை என்பதுபோல் நாளுக்கு நாள் மாறுவதும் அதுவே. ஆட்டத்துக்கு வெளியே வலையில் சிக்கிய ஆணிடம் பரிசு இருக்காது. பெக்கரின் பெயர் இன்று செல்லுபடியாவதும், எவரும் எடுத்து ஒப்பிடக்கூடிய உடல் அடையாளங்கள் இருப்பதால்தான். பரிசு வெறுந்திரையாக மாறிய படிநிலைகளை 1955இல் வரிசைப்படுத்திய எட்வர்ட் கெஸல்கூட, எந்தப் படியில் எந்த இனம் என்று சொல்வதற்கு முதலில் இனங்களின் பெயர்களை நம்ப வேண்டியிருந்தது.

சொற்களைவிடக் காய்ந்த உடலே நம்பகமானது என்பதற்கு மைகனே சான்று. அவர் விவரிப்பில் ஐயம் வந்தால், அவர் விற்ற சேகரிப்பு இருக்கும் பாரிஸ் அருங்காட்சியகத்துக்குத்தான் ஆய்வாளர்கள் போகிறார்கள். புதிய இனத்துக்கு, அதன் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் வகைமாதிரியை வெளிப்படையாகக் குறித்தே ஆகவேண்டும் என்பதை விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு 2000ஆம் ஆண்டிலிருந்து கட்டாயமாக்கியது. நூறாண்டுப் பழக்கம் அப்போதுதான் முழுச் சட்டமானது.

இன்னொரு குற்றச்சாட்டை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆணின் வாலுறுப்பில் எல்லாமே அடங்கியதால் பெண் ஈக்கள் அடையாளமற்றுப் போயின. ஆணோடு இணைசேரும்போது பிடிபட்டால் பெண்ணுக்குப் பெயர். தனியாகப் பிடிபட்டால் பல இனங்களில் ‘ஹிலாரா பெண்’ என்ற சீட்டு மட்டும்தான். 2003இல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட்டின் குழு முன்வைத்த டிஎன்ஏ பார்கோடு முறை இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. ஒரு காலைக் கிள்ளி எடுத்து மரபணுத் துண்டின் எழுத்துத் தொடரைப் படித்தால், சீட்டு மட்டும் தாங்கிய பெண்ணை அதன் ஆணோடு சேர்க்கலாம். பழைய முறைக்கு முடிவு வந்துவிட்டதென்று இதைக் கொண்டாடுகிறவர்கள், அந்த எழுத்துத் தொடருக்குப் பெயர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை. வாலுறுப்பைப் பார்த்துப் பெயர் உறுதிசெய்யப்பட்ட ஓர் ஆணின் தொடரோடு ஒப்பிட்டால்தான் அது ஹிலாரா சார்ட்டரா வேறொன்றா என்று தெரியும். அந்த ஆண், கால் ஒன்று குறைந்த நிலையில், குப்பியோடு தன் ஊசியிலேயே இருந்தாக வேண்டும்.