பவுலிங் புள்ளிக் கணக்கின் வரலாறு

இராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சங்கு, பாசிமணிகளோடு சோழியும் விற்கப்படுகிறது. இராமநாதபுரம் கடலோரத்தில் சோழி என்றால் தாயக்கட்டம் நினைவுக்கு வரும். ஆறு சோழிகளைக் குலுக்கிப் போடும்போது ஒன்று (தாயம்), ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றில் ஏதேனும் விழுந்தால் மறுபடியும் போடலாம். ஊருக்கு ஊர் விதி சற்று மாறும். நல்ல வீச்சு தன்னோடு நின்றுவிடாமல் அடுத்த வீச்சையும் பெற்றுத் தருகிறது என்பதே இதன் அடிப்படை. இதை அறிந்தவருக்குப் பவுலிங் கணக்கு அவ்வளவு அந்நியமானதல்ல. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: பவுலிங்கில் கூடுதல் வீச்சு கிடைப்பதில்லை, அடுத்த வீச்சு இருமுறை எண்ணப்படுகிறது.

அமெரிக்கப் பவுலிங் காங்கிரசு 1895 செப்டம்பர் 9 அன்று நியூயார்க்கில் அமைக்கப்பட்டது. அதற்கு முன் இடத்துக்கு இடம் வெவ்வேறு விதிகள் இருந்தன. உச்சப் புள்ளி 200 என்ற கணக்கும் வழங்கியது. காங்கிரசு வகுத்த விதிகளில் பத்துச் சுற்றுகளும் (பிரேம்) உச்சப் புள்ளி 300 என்பதும் உறுதியாயின. சுற்றுக்கு மூன்று பந்துகள் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது.

முதல் பந்திலேயே பத்துப் பின்களும் விழுந்தால் அது ஸ்டிரைக். பத்துடன் அடுத்த இரு பந்துகளில் விழுபவையும் சேரும். இரண்டு பந்துகளில் பத்தும் விழுந்தால் ஸ்பேர். அடுத்த ஒரு பந்து மட்டும் சேரும். ஒருவர் முதல் சுற்றில் ஸ்டிரைக், இரண்டாவதில் ஏழும் மூன்றும், மூன்றாவதில் ஒன்பதும் சுழியும் எடுத்ததாகக் கொள்வோம். முதல் சுற்று 20. இரண்டாவது 10+9=19. மூன்றாவது 9. மொத்தம் 48. முதல் சுற்றின் கட்டம் இரண்டாம் சுற்று முடியும்வரை காலியாகவே இருக்கும். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். பத்தாம் சுற்றில் ஸ்டிரைக் எடுத்தால் கணக்கை முடிக்க மேலும் இரு பந்துகள் தரப்படும். ஆகவே 300 எடுக்கத் தொடர்ந்து 12 ஸ்டிரைக் வேண்டும்.

முன்பு இதை ஆடுவோரே தாளில் பென்சிலால் எழுதினர். கணினித் திரை வந்தபின் அந்த வேலை போயிற்று. பலர் கணக்கு தெரியாமலே ஆடுகின்றனர். பார்வையாளருக்கும் புரியவில்லை என்பது தொலைக்காட்சிக் காலத்தில் பெரும் குறையாகப் பேசப்பட்டது. ஆகவே உலகப் பவுலிங் அமைப்பு 2010களில் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. இதில் ஸ்டிரைக் எடுத்தவுடனேயே 30 புள்ளி. ஸ்பேருக்குப் பத்துடன் அதே சுற்றின் முதல் பந்தில் விழுந்த எண்ணிக்கை சேரும். மேற்கண்ட ஆட்டம் இம்முறையில் 30+17+9=56 ஆகிவிடும். காத்திருப்பு இல்லை, உச்சப் புள்ளியும் அதே 300தான், பத்து ஸ்டிரைக் போதும்.

ஆனால் பழைய முறையில் ஒற்றை ஸ்டிரைக்குக்கு மதிப்புக் குறைவு. அடுத்தடுத்து எடுத்தால்தான் புள்ளி ஏறும். புதிய முறையில் தொடர்ச்சிக்குத் தனிப் பலன் இல்லை. எளிமைக்காக இழந்தது சிறியதல்ல என்றே சொல்லவேண்டும்.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1978இல் பாங்காக்கில் பவுலிங் இடம்பெற்றது. இந்தியாவில் தேசிய வாகையர் பட்டத்தைப் பலமுறை வென்ற சபீர் தன்கோட் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். 2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ப்பதற்கான குறும்பட்டியலில் 2015இல் இவ்விளையாட்டு இருந்தது. இறுதித் தேர்வில் இடம் கிடைக்கவில்லை. பொழுதுபோக்குக் கூடங்களின் திரைகளில் இன்றும் ஓடுவது பெரும்பாலும் பழைய கணக்கே.