விலை வைக்கப்படாத வலை

செல்பேசித் திரையில் ஒரு சொல்லை விரலால் தொடுகிறீர்கள். மறுநொடியே, கடல் கடந்த நாட்டில் உள்ள ஒரு கணிப்பொறியிலிருந்து நீங்கள் விரும்பிய பக்கம் உங்கள் முன் விரிகிறது. இதற்காக நீங்கள் இணைய இணைப்புக்குப் பணம் கட்டியிருக்கலாம். செல்பேசிக்கு விலை கொடுத்திருக்கலாம். ஆனால், அந்தப் பக்கத்தைக் கேட்டுப் பெறும் முறைக்கு உரிமைக் கட்டணம் என்று எப்போதாவது ஒரு காசு செலுத்தியதுண்டா? இல்லை. உலகில் எவரும் செலுத்துவதில்லை.

இது தானாக நேர்ந்ததன்று. 1993ஆம் ஆண்டில் சிலர் எடுத்த முடிவின் விளைவு. ஒரு கருவி சமுதாயத்தை எப்படி மாற்றுகிறது என்பது அக்கருவியின் திறனை மட்டும் பொறுத்ததா, அல்லது அதை உலகுக்கு அளித்த விதத்தையும் பொறுத்ததா? இக்கேள்விக்கு வலையின் வரலாறு நல்லதொரு விடை தருகிறது.

சாலையும் வண்டியும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இணையமும் வலையும் ஒன்றல்ல. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சாலையே இணையம். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய அர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னலிலிருந்து அது வளர்ந்தது. அச்சாலையில் ஓடும் வண்டிகளில் ஒன்றுதான் வலை, மின்னஞ்சல் மற்றொன்று. வலை பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சாலை போடப்பட்டுவிட்டது.

வலை பிறந்த இடம் ஜெனீவா நகருக்கு அருகில், சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் எல்லையில் உள்ள செர்ன் என்னும் ஐரோப்பிய ஆய்வகம். அணுவின் உள்ளே உள்ள துகள்களை ஆராயும் இந்நிலையத்துக்குப் பல நாட்டு விஞ்ஞானிகள் வருவர், சில ஆண்டுகள் பணியாற்றுவர், திரும்பிச் செல்வர். ஒவ்வொருவரும் வெவ்வேறு வகைக் கணிப்பொறிகளைப் பயன்படுத்தினர். ஒன்றில் சேர்த்த குறிப்புகளை மற்றொன்றில் படிக்க இயலாது. ஆள் போனால் அவருடைய அறிவும் அவரோடு போய்விடும் நிலை.

இதற்கு ஒரு தீர்வைக் கூறி 1989 மார்ச்சில் தம் மேலதிகாரி மைக் செண்டாலிடம் ஒரு திட்டத்தை அளித்தார் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். செண்டால் அதன் மேற்புறத்தில், தெளிவில்லை, ஆயினும் ஆர்வமூட்டுகிறது என்னும் பொருள்படக் குறித்து வைத்தார். பிறகு பெல்ஜிய நாட்டவரான ராபர்ட் கையோவும் இம்முயற்சியில் சேர்ந்துகொண்டார். 1990ஆம் ஆண்டின் முடிவில் உலகின் முதல் வலை வழங்கி செயல்படத் தொடங்கிவிட்டது. நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணிப்பொறி ஒன்றே அந்த வழங்கி. யாரேனும் தவறுதலாக நிறுத்திவிடக் கூடாதே! ஆகவே, இதை அணைக்க வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார்கள்.

மூன்று எளிய விதிகள்

வலையின் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிது. அதில் மூன்று பகுதிகளே உண்டு. முதலாவது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தனி முகவரி. இதை யூஆர்எல் என்கிறோம். இரண்டாவது, அந்த முகவரியில் உள்ள பக்கத்தைக் கேட்பதற்கும் அனுப்புவதற்குமான விதிமுறை, இது எச்டிடிபி. மூன்றாவது, பக்கத்தை எழுதும் மொழி, இது எச்டிஎம்எல். தலைப்பு எது, பத்தி எது, எந்தச் சொல்லைத் தொட்டால் எந்தப் பக்கத்துக்குச் செல்ல வேண்டும் என்பவற்றை இம்மொழி குறிக்கிறது.

ஒரு சொல்லிலிருந்து மற்றோர் ஏட்டுக்குத் தாவும் எண்ணம் புதிதன்று. ஹைப்பர்டெக்ஸ்ட் என்னும் பெயரை டெட் நெல்சன் என்பார் 1965இலேயே வழங்கியிருந்தார். அவர் கனவு கண்ட அமைப்பில் இணைப்புகள் இருபுறமும் செல்லும், ஒருபோதும் அறுபடா. பெர்னர்ஸ்-லீ அந்த நிறைவைக் கைவிட்டார். அவருடைய வலையில் இணைப்பு ஒருவழிப் பாதை. மறுமுனையில் உள்ள பக்கம் நீக்கப்பட்டால் இணைப்பு அறுந்துபோகும். "404" என்ற எண்ணுடன் வரும் பிழைச் செய்தியைக் கண்டிருப்பீர்கள் அல்லவா? அது அறுந்த இணைப்பின் அடையாளமே.

இது குறையாயிற்றே என்று கேட்பீர்கள். குறைதான், ஆனால் இக்குறையால் ஒரு பெரும் நன்மை விளைந்தது. உங்கள் பக்கத்திலிருந்து வேறொருவர் பக்கத்துக்கு இணைப்புத் தர, அவருடைய அனுமதி தேவையில்லை. எல்லா இணைப்புகளையும் பதிவு செய்யும் தலைமை அலுவலகமும் தேவையில்லை. எவரும், எங்கிருந்தும், யாரையும் கேளாமல் வலையோடு சேரலாம். ஒரு தொழில்நுட்ப முடிவுக்குள்ளே ஒரு சமுதாய முடிவும் அடங்கியிருந்ததைக் கவனியுங்கள்.

முந்தி ஓடிய கோபர்

அக்காலத்தில் வலைக்கு ஒரு போட்டியாளர் இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்காஹிலும் அவர் குழுவினரும் 1991இல் உருவாக்கிய கோபர் என்னும் முறையே அது. பொருளடக்கம் போன்ற பட்டியல்களைக் காட்டும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே உள்ளே செல்லலாம். கற்பதற்கு எளிது; சாதாரணக் கணிப்பொறிகளிலும் ஓடியது. 1993ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வலையைவிடக் கோபருக்கே செல்வாக்கு மிகுதி.

அந்த ஆண்டில்தான், கோபர் வழங்கி நிரலை வணிக நோக்கில் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அதன் நிலையிலிருந்து பார்த்தால் இது நியாயமே. நிரலைப் பேணி வளர்க்க ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு ஊதியம் வேண்டும். ஆனால் வெளியே இருந்தவர்களுக்கு அச்சம் பிறந்தது. இன்று வணிகர்களிடம் கேட்பவர்கள் நாளை நம்மிடமும் கேட்கமாட்டார்களா? நாமே எழுதிய நிரலுக்கும் உரிமை கொண்டாடினால் என்ன செய்வது? பலர் கோபரிலிருந்து விலகத் தொடங்கினர்.

இதே கேள்வி செர்ன் நிலையத்தின் முன்பும் நின்றது. வலை யாருடைய சொத்து? பெர்னர்ஸ்-லீயும் கையோவும் அதை எல்லார்க்கும் உரியதாக்க வேண்டும் என்று நிர்வாகத்தை வலியுறுத்தினர். 1993 ஏப்ரல் 30ஆம் நாள், செர்ன் இயக்குநர்கள் இருவர் ஒரு சிறு ஆவணத்தில் கையெழுத்திட்டனர். அடிப்படை உலாவி, அடிப்படை வழங்கி, இரண்டுக்கும் பொதுவான நிரல் தொகுப்பு ஆகிய மூன்றையும் பொதுவுடைமையாக்குவதாக அது கூறியது. எவரும் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம்.

அதே ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்டிரிசனும் எரிக் பினாவும் உருவாக்கிய மொசைக் உலாவி, எழுத்துகளோடு படங்களையும் ஒரே பக்கத்தில் காட்டியது. வலையின் வெற்றியில் மொசைக்குக்குப் பெரும் பங்குண்டு. 1994இல் வலை கோபரை முந்திவிட்டது. 2000ஆம் ஆண்டில் கோபர் நிரலும் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அப்போது காலம் கடந்துவிட்டது.

பார்த்துக் கற்ற தலைமுறை

விலையின்மை மட்டுமின்றி, வெளிப்படையாக இருந்ததும் வலைக்கு வலிமை சேர்த்தது. எந்தப் பக்கத்தையும் அது எழுதப்பட்ட மொழியிலேயே திறந்து பார்க்கும் வசதி உலாவிகளில் உண்டு. தறியருகில் நின்று பார்த்தே நெசவு பழகுவதுபோல, பிறர் எழுதிய பக்கங்களைப் பார்த்தே ஆயிரமாயிரம் இளைஞர்கள் தொழில் கற்றனர். 1995இல் எங்கெங்கோ இருந்த சிலர், திருத்தங்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு அப்பாச்சி என்னும் வழங்கி நிரலை உருவாக்கினர். அதே ஆண்டில் வார்டு கன்னிங்ஹாம், படிப்பவரே திருத்தக்கூடிய விக்கி என்னும் பக்கமுறையை வெளியிட்டார். அதன் வழியே 2001இல் விக்கிப்பீடியா பிறந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கியது.

தமிழ் வலைக்கு வந்த கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு தமிழ் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாதவர் திரையில் புரியாத குறிகளே தோன்றின. யூனிகோடு என்னும் பொதுக் குறியீடு பரவிய பிறகே, ஒருவர் எழுதிய தமிழை எல்லாரும் படிக்கவும், தேடவும் முடிந்தது. பொதுவிதி இல்லாத இடத்தில் மொழியே துண்டுபட்டுக் கிடக்கும்.

காவல் தேவை

ஒருமுறை திறந்த கதவு என்றும் திறந்தே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வலையின் விதிகளை வகுக்க 1994இல் பெர்னர்ஸ்-லீ நிறுவிய கூட்டமைப்பில், காப்புரிமைக் கட்டணம் கோரும் நுட்பங்களையும் சேர்க்கலாம் என்ற யோசனை 2001இல் எழுந்தது. நிரலாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2003இல், கட்டணமில்லா நுட்பங்களே வலையின் விதிகளில் இடம்பெற வேண்டும் என்ற கொள்கை ஏற்கப்பட்டது.

இன்று 500 கோடிக்கும் மேற்பட்டோர் இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். அவர்களுள் பலர் சில பெரிய நிறுவனங்களின் செயலிகளுக்குள்ளேயே பொழுதைக் கழிக்கின்றனர். அங்கே எதைக் காண்பது என்பதை நிறுவனமே பெரிதும் தீர்மானிக்கிறது. உள்ளே எழுதியதை வெளியே எடுத்துச் செல்வதும் எளிதன்று. வலையின் திறந்த தன்மையால் அறிவு பரவியதைப் போலவே பொய்யும் பரவியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆகவே, புதியதொரு கருவி உங்கள் கைக்கு வரும்போது அது என்ன செய்யும் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் விதிகளை வகுப்பவர் யார்? அனுமதி கேளாமல் நாமும் அதில் எதையேனும் செய்ய முடியுமா? வேண்டாம் என்றால் நம் உடைமைகளோடு வெளியேற வழியுண்டா? இவற்றையும் கேளுங்கள். நாளை நிரல் எழுதப்போகிற மாணவரானால், இதே கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.