படுக்கையருகே வாக்குச்சீட்டு: விஸ்கான்சின் முதியோர் இல்லங்களில் தபால் வாக்குக் கண்காணிப்பின் வரலாறு

வாக்குச்சாவடிக்கு வர இயலாதவரைத் தேடி வாக்குச்சீட்டு போகலாம் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் போர்க்களத்தில் வேர்விட்டது. உள்நாட்டுப் போரின் நடுவே, 1862இல், படைவீரர்கள் களத்திலிருந்தே வாக்களிக்கச் சட்டம் இயற்றிய முதல் சில மாநிலங்களுள் விஸ்கான்சினும் ஒன்று. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1965இல் வந்த மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவ உதவித் திட்டங்களின் பணம் முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பெருக்கியபோது, அதே ஏற்பாடு வேறொரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. படைவீரரால் தன் சீட்டில் தானே குறியிட முடியும். இல்லத்தில் இருக்கும் முதியவருக்குச் சோறூட்டுவதும் மருந்து தருவதும் தபாலைப் பிரித்துப் படிப்பதும் ஒரே ஊழியராக இருக்கக்கூடும். வாக்குச்சீட்டும் அவர் கைவழியேதான் வந்தாக வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு விஸ்கான்சின் கண்ட விடை அம்மாநிலத் தேர்தல் சட்டத்தின் 6.875ஆம் பிரிவு. பராமரிப்பு இல்லங்களிலும் துணையுடன் வாழும் முதியோர் குடியிருப்புகளிலும் இருப்போர் தபால் வாக்குக் கேட்டால், நகராட்சி எழுத்தர் இரண்டு சிறப்பு வாக்குப்பதிவு அலுவலர்களை அங்கே நேரில் அனுப்ப வேண்டும். இயன்றவரை இரு பெரிய கட்சிகளின் பரிந்துரைப் பட்டியல்களிலிருந்து கட்சிக்கொருவர். அவர்கள் வரும் நாள் முன்னதாகவே அறிவிக்கப்படும். கட்சிகள் பார்வையாளரை அனுப்பலாம். வாக்காளர் குறியிடுவது இருவர் முன்னிலையில்தான். கை நடுங்குகிறது, கண் தெரியவில்லை என்றால் உதவ உரிமை பெற்றவர்கள் அந்த இருவரும் உறவினரும் மட்டுமே. விஸ்கான்சினில் தபால் வாக்குக்குச் சாட்சிக் கையெழுத்து கட்டாயம்; இங்கே அதையும் அலுவலரைத் தவிர யாரும் போடக் கூடாது. முத்திரையிட்ட உறைகள் 18 மணி நேரத்துக்குள் எழுத்தரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு முறை போயும் வாக்களிக்க முடியாதவருக்குத்தான் சீட்டைத் தபாலில் அனுப்பலாம்.

எல்லாம் நுணுக்கமாக யோசித்த ஏற்பாடு. ஊழியர் மீதான ஐயம் சட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. ஆனால் அது வாய்விட்டுச் சொல்லப்படவில்லை. அலுவலர் இல்லத்துக்குள் நுழையவே முடியாமல் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் சட்டம் யோசிக்கவில்லை.

2020 மார்ச்சில் அதுவே நடந்தது. கொரோனா பரவியதும் நடுவண் அரசின் சுகாதார நிர்வாகம் பராமரிப்பு இல்லங்களுக்குள் பார்வையாளரை விட வேண்டாம் என்றது. மூன்று குடியரசுக் கட்சியினரும் மூன்று ஜனநாயகக் கட்சியினரும் கொண்ட மாநிலத் தேர்தல் ஆணையம், அலுவலர்களை அனுப்பாமல் சீட்டுகளை நேரடியாகத் தபாலில் அனுப்புமாறு எழுத்தர்களுக்கு அறிவுறுத்தியது. நவம்பர் அதிபர் தேர்தலிலும் அதே நடைமுறை. சட்டம் விலக்கி வைத்திருந்த ஊழியர் மறுபடியும் சீட்டுக்கும் வாக்காளருக்கும் நடுவே வந்து நின்றார்.

அந்தத் தேர்தலில் விஸ்கான்சினில் வெற்றி வித்தியாசம் 21,000க்கும் குறைவு. ஆகவே பிறகு நடந்தவற்றில் அரசியல் கலந்ததில் வியப்பில்லை. 2021 அக்டோபரில் ரசீன் கவுண்டி ஷெரிஃப் கிறிஸ்டோபர் ஷ்மாலிங், ஆணையம் சட்டத்தை மீறியது என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். பின்னர் ஆணையர் ஐவர் மீது வழக்குத் தொடரப் பரிந்துரைத்தார். 2022 பிப்ரவரியில் மாவட்ட அரசு வழக்கறிஞர், தமக்கு அதிகார வரம்பு இல்லை என்று மறுத்துவிட்டார். அலுவலரை அனுப்புவது சட்டத்தின் கட்டாயம்; உள்ளே விடாதது நோய்க்காலத்தின் கட்டாயம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தே இரு தரப்பும் பேசின என்பது என் கணிப்பு.

அந்தக் கூச்சலில் முக்கியமான கேள்வி ஒன்று திசைமாறியது. இல்லத்தில் இருந்த உறவினரின் வாக்கு குறித்து ரசீனில் புகார் சொன்ன குடும்பங்களின் வாதம், எங்கள் தாய்க்கு நினைவே தப்பிவிட்டது, அவர் எப்படி வாக்களித்திருக்க முடியும் என்பது. விஸ்கான்சின் சட்டப்படி, தேர்தலின் நோக்கத்தைப் புரிந்துகொள்ளும் திறன் ஒருவருக்கு இல்லை என்று நீதிமன்றம் தீர்மானித்தால்தான் அவர் வாக்குரிமை போகும். மகள் சொன்னாலும் மருத்துவர் சொன்னாலும் போகாது. நேரில் வரும் இரண்டு அலுவலர்களுக்கும் அந்தத் திறனைச் சோதிக்கும் அதிகாரம் கிடையாது. ஆக, 2020இல் அலுவலர்கள் வழக்கம்போல் போயிருந்தாலும், தன் தேர்வைச் சொல்லக்கூடிய ஒரு மறதிநோயாளியின் சீட்டை அவர்கள் வாங்கி உறையில் இட்டிருக்கவே வேண்டும். வாக்கைப் பிறர் கை குறியிடாமல் காப்பதே அவர்கள் வேலை.

திறனை அளக்கும் முயற்சி வேறு இடத்தில் நடந்தது. மனநோய் காரணமாகக் காப்பாளர் பொறுப்பில் இருப்போருக்கு மெய்ன் மாநிலம் விதித்திருந்த வாக்குத் தடையை 2001இல் ஒரு நடுவண் நீதிமன்றம் செல்லாது என்றது. வாக்களிப்பது என்றால் என்ன, அதன் விளைவு என்ன என்று தெரிந்து, தேர்ந்தெடுக்கவும் முடிந்தால் போதும் என்பதே அது ஏற்ற அளவுகோல். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர் ஜேசன் கார்லவிஷும் சகாக்களும் அதைக் கொண்டு ஒரு சிறு வினாத்தொகுப்பையே உருவாக்கினார்கள்.

வட கரோலினா, ஊழியர் மீதான ஐயத்தை இன்னும் கடுமையாக்கியது. இல்ல ஊழியர் தபால் வாக்குக்கு உதவினால் அது கடுங்குற்றம் என்றது. உதவிக்கு 2013 முதல் பல கட்சியினர் சேர்ந்த குழுக்கள். ஆனால் நடுவண் வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு, பார்வையற்றோரும் உடல் இயலாதோரும், தம் முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ அல்லாத எவரையும் துணைக்குத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. அதன் அடிப்படையில் 2022இல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. விஸ்கான்சினிலோ, உறவினரும் அலுவலரும் மட்டுமே உதவலாம் என்ற வரி 6.875ஆம் பிரிவில் இன்னும் இருக்கிறது.